அம்பு குந்தும் இடம்

ஒரு பெருவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும் அந்தத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. வில்லின் நடுவில், இடது பக்கமாக, மஞ்சள் நூலால் வரிந்து கட்டியிருந்தது. அம்பு அதன்மேல்தான் அமர வேண்டும். அன்று பின்னேரம் அந்தத் துண்டின்மேல் சந்தனம் அப்பியிருந்தது. வெயிலில் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமமும் ஒட்டிப்போய்க் கிடந்தது. அண்ணையின் வலக்கைப் பெருவிரல் அதன்மேல் போனது. ஒருமுறை தொட்டது. பிறகு ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டது. நான் அவருக்குப் பக்கத்தில் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். நான் கண்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் நடந்ததை நினைத்தால், இந்த வயதிலும் அந்தப் பெருவிரல்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது.

எங்கள் ஊர் தெல்லிப்பழைக்கு வடக்கே, ஒரு பக்கம் தோட்டமும் மறுபக்கம் மயிலிட்டிக் கடற்காற்றும் படுகிற சின்ன ஊர். புகையிலையும் வெங்காயமும் வைத்துச் சீவித்த குடும்பம் எங்களுடையது. நான் எட்டாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவன். எங்களுக்கென்று பெருமையாகச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் சப்பறத்துக்கு முதல் நாள் வேட்டைத் திருவிழா. அம்மன் குதிரை வாகனத்தில் ஏறி ஊருக்கு வடக்கே உள்ள வெட்டவெளிக்கு வருவா. அங்கே வாழைக்குற்றி நட்டு அதன்மேல் ஒரு நீற்றுப்பூசணிக்காய் வைத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்து மூத்த ஆண்பிள்ளை, அம்மனின் பேரால், மருந்து கெட்டித்துச் சுடுகிற கட்டுத்துவக்கினால் அந்தக் காய்க்கு வெடி வைப்பார். காய் சிதறினால் வேட்டை முடிந்தது. சனம் அரோகரா சொல்லும். அம்மன் கோயிலுக்குத் திரும்புவா. வெடி பிழைத்தால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். துவக்கு எங்கள் அப்புவினுடையது, தகப்பனின் தகப்பனுடையது. அவரிடமிருந்து ஐயாவுக்கு வந்து, ஐயாவிடமிருந்து அண்ணைக்கு வந்தது.

ஐயாவின் தம்பி, எங்கள் சின்னையா, ஒரு காலத்தில் ஒரு நியாயம் கேட்டார். உரிமை அப்புவினுடையது என்றால் அது இரண்டு பிள்ளைகளுக்கும் பொது, ஒரு வருடம் உங்களுக்கு, ஒரு வருடம் எங்களுக்கு என்று. ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. சின்னையாவும் ஐயாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கோபம் பிள்ளைகளிடம் வந்தது. அண்ணைக்கும் சின்னையாவின் மகனுக்கும் கதை பேச்சு இல்லை. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு ஓலை வேலிதான். எங்கள் பக்கங்களில் கதை பேச்சு இல்லையென்றால் அது ஒரு விரதம் மாதிரி. நன்மை தீமைக்குப் போவார்கள். செத்தவீட்டில் பாடைக்குத் தோள் கொடுப்பார்கள். மாடு கயிறறுத்து ஓடினால் பிடித்து, வாசல் படலையடியில் கட்டிவிட்டுப் போவார்கள். வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். முதலில் வாய் திறந்தவன் தோற்றவன். நான் சின்னவன் என்றபடியால் இரண்டு பக்கத்தோடும் கதைப்பேன். இரண்டு பேருடைய செய்தியும் என் காதால் நுழைந்து என் வாயால்தான் வெளியே போகும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து, ஆமிக்காரர் முகாமுக்குள் அடங்கி, ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளின் ஆட்சி நடந்த காலம். ஊரில் இருந்த துவக்குகளை எல்லாம் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புவின் கட்டுத்துவக்கும் போனது. துவக்கு இருந்தாலும் வெடி வைக்க ஏலாத காலம் அது. ஒரு சீன வெடி கொளுத்தினாலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து தலைக்கு மேலே சுற்றும். அந்த வருடம் கோயில் அலுவல்களைப் பார்க்கிற மணியம், "வெடி வேண்டாம், ஐயர் கத்தியாலை காயை வெட்டட்டும்" என்றார். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. வெடியை ஒரு வருடம் விட்டால் உரிமையையே விட்டது மாதிரி. அதோடு அவருக்கு வேறொரு எண்ணமும் இருந்தது. சுவரில் எழுதியிருக்கிற அம்மனின் கையில் துவக்கு இல்லை, வில்தான் இருக்கிறது. அம்மனுக்கு அம்மனின் ஆயுதத்தையே கொடுப்போம் என்றார்.

அண்ணை எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற மனிதர். துலாக்கயிறு திரிப்பதானாலும், புகையிலை பாடம் போடுவதானாலும், திருநீறு பூசாமல் தொடங்க மாட்டார். வில் செய்யத் தொடங்கிய அன்றும் முழுகி, சாமியறையில் விளக்கு வைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார். முதலில் பூவரசங் கம்பு ஒன்றை எடுத்தார். அது வளைத்தால் வளைந்தபடியே நின்றது. திரும்பி நிமிர மனமில்லை. பிறகு கிணற்றடியில் காற்றுக்கு விழுந்து கிடந்த கமுகைப் பிளந்து, ஒரு சிலாகை எடுத்துக் காயவைத்தார். கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி, இடைக்கிடை தூணில் வைத்து வளைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நல்லெண்ணெய் பூசுவார். மறுநாள் திரும்பவும் சுரண்டுவார். நாணுக்கு மயிலிட்டியிலிருந்து தூண்டிற்கயிறு வாங்கி முறுக்கினார். அம்புக்கு மெல்லிய மூங்கில். வாலில் பனங்குருத்தோலை வைத்துக் கட்டினார்.

அம்பின் நுனிக்குச் சைக்கிள் கம்பி வேண்டும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சின்னையாவின் மகன்தான். நான் போனேன்.

"என்னடா, ஆரின்ரை சைக்கிளுக்கு?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரியும்.

"அண்ணைக்கு" என்றேன்.

"உன்ரை அண்ணர் சைக்கிளிலையோ வேட்டைக்குப் போறார்?" பக்கத்தில் காற்றடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கம்பிக் கட்டுக்குள்ளிருந்து வளையாத கம்பியாகத் தெரிந்தெடுத்து, தானே அரத்தால் நுனி தீட்டி, கண்ணுக்கு நேரே பிடித்து நேராக இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் தந்தார். "கம்பி நேராப் போகும் எண்டு சொல்லு. ஆக்களுக்கு நான் பொறுப்பில்லை."

வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தீட்டத் தெரிஞ்சவன்தான்" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் சரியாகி, கடைசியில் நின்றது அம்பு வைக்கிற இடம். வில்லைப் பிடித்த முட்டியின்மேல் அம்பை வைத்து விட்டபோது, ஓலைவால் விரலைச் சீவிக்கொண்டு போனது. இரத்தம் வந்தது. அம்மன் காரியத்தில் இரத்தம் கூடாது. வில்லின் நடுவில் ஒரு வெட்டு வெட்டி அதில் அம்பை வைக்கலாம் என்று, பூவரசங் கம்பில் வெட்டிப் பார்த்தார். வளைத்ததும் வெட்டிய இடத்தில் 'சடக்' என்று விட்டது. பழைய செருப்பு வாரில் ஒரு துண்டை மடித்துக் கட்டினால் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் நான் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். கடைசியில் ஒருநாள் சம்பலுக்குத் தேங்காய் துருவி எறிந்த சிரட்டையை எடுத்து உடைத்து, ஒரு துண்டைக் கல்லில் உரைஞ்சத் தொடங்கினார். தேங்காய் அம்மனுக்கு உடைக்கிறது. அதில் தீட்டு இல்லை. வழுவழுப்பு வரும்வரை உரைஞ்சி, வில்லின் பக்கமாகக் கொஞ்சம் சரிவு வைத்துக் கட்டினார். வெளிப்பக்கம் மயிர் அளவு உயர்வு. அம்பை வைத்தால் அது தானாக வில்லோடு சாய்ந்து, பிள்ளை இடுப்பில் இருப்பது மாதிரி இருந்தது. அதற்கு என்ன பேர் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் குந்தியிருக்கக் கட்டுவதைக் குந்து என்போம். அண்ணை இதற்கும் குந்து என்றே பேர் வைத்தார்.

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோல் போரில் ஒரு பூசணிக்காயை வைத்துப் பின்னேரங்களில் விட்டுப் பழகினார். குந்து சரிவாக இருந்தபோது அம்பு கயிறு பிடித்ததுபோல் நேரே போனது. ஒருநாள் நூல் தளர்ந்து குந்து ஒரு எள்ளளவு நிமிர்ந்துவிட்டது. அம்பு இடது பக்கமாகத் தெறித்து வேலியில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமிய சத்தம் கேட்டது. சின்னையா மகன் ஓலை இடுக்குக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது எங்களுக்கு முதலே தெரியும்.

"வேலிக்குத் தடிமன் பிடிச்சிட்டுது போலை" என்றார் அண்ணை, என்னைப் பார்த்து, சத்தமாக.

வேட்டைத் திருவிழாவன்று காலையிலேயே வில்லைக் கோயிலில் கொடுத்துவிட்டோம். அபிஷேகம் முடிந்து அம்மனின் காலடியில் அது கிடந்தது. பூசை நடந்தது, பட்டுத்துண்டு சாத்தினார்கள், மாலை போட்டார்கள். சாமிக்கு முன்னால் வைத்த எதற்கும் நடுவில் சந்தனம் வைத்துப் பொட்டிடுவது எங்கள் வழக்கம். உழுகிற மாட்டுக்கும் நெற்றியில் வைப்போம், உரலுக்கும் வைப்போம். வில்லுக்கு நெற்றி எது? நடுதான். ஐயர் அன்பாக, தாராளமாகவே வைத்துவிட்டார். அதில் யாரும் பிழை சொல்ல ஏலாது. அவர் அதற்கு முன் வில்லுக்குப் பூசை செய்தவரில்லை. அது மத்தியானம் முழுவதும் காய்ந்தது.

இருட்ட முதல் முடிக்க வேண்டும் என்று நாலு மணிக்கே அம்மன் வெளிக்கு வந்துவிட்டா. நல்ல சனம். அந்தக் காலத்தில் சனத்துக்குக் கோயிலை விட்டால் சந்தோசம் வேறில்லை. எல்லோரையும் கயிறு பிடித்துப் பின்னால் நிறுத்தினார்கள். சின்னையா மகன் மட்டும் கயிற்றுக்கு முன்னால் வந்து, இடது பக்கத்தில் ஒரு பனையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உரிமைக்காரக் குடும்பம் பின்னால் நிற்காது என்று காட்டுகிற நிலை அது. மணியம் ஏதோ சொல்லப் போனார். பிறகு விட்டுவிட்டார். அவரை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐயர் வில்லை எடுத்து அண்ணையிடம் கொடுத்தார். மாலையையும் பட்டையும் கழற்றினார். அண்ணை அம்மனைக் கும்பிட்டு, அம்பை எடுத்து, குந்தில் வைக்கப் போனார். அப்போதுதான் அந்தப் பெருவிரல் போனதும் திரும்பியதும். அம்பை வைத்தார். அது வில்லோடு சாயவில்லை. சந்தனத்தின்மேல் ஏறி, வெளிப்பக்கமாக நின்றது. மேளகாரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணை நாணை இழுத்தார்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. பூசணிக்காய் அப்படியே இருந்தது. நான் அம்பு விழுந்த இடத்தைத் தேடி நிலத்தைப் பார்த்தேன். பிறகு மேளம் நின்றது. பனையடியில் சின்னையா மகன் நின்றபடியே நின்றார். கட்டியிருந்த கையை அவிழ்க்கவில்லை. அவருடைய வலக்கண்ணில் மூங்கில் நின்றது. அவர் அழவில்லை, விழவில்லை. எதையோ யோசிக்கிற ஆள் மாதிரி நின்றார். ஓலைவால் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு முழங்கால் மடிந்து மெதுவாக நிலத்தில் குந்தினார். ஒரு பொம்பிளை எங்கோ கத்தினதுக்குப் பிறகுதான் எனக்கு உடம்பு அசைந்தது. அண்ணை வில்லைப் பிடித்தபடி நின்றார். அவர் கையிலிருந்து அதை நான்தான் வாங்கினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை, கண் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் கதை அதற்கு முன்பே எழும்பிவிட்டது. உரிமைக் கோபம், கதை பேச்சில்லாத ஆட்கள், அதுவும் சரியாகக் கண்ணில். பார்த்து விட்ட அம்புதான் என்று. யாரோ போய்ப் பெடியளிடமும் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் அப்படி ஒரு சொல் போதும். சந்தியில் விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்ட ஆட்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அண்ணி தாலியைக் கையில் பொத்திக்கொண்டு சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணை ஒளிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. சாப்பிடவும் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வாட்டுக்கு வெளியே கிடந்த நீட்டு மரவாங்கில் குந்தியிருந்தார். உள்ளே போகவில்லை.

நாங்கள் இருக்கும்போதே இரண்டு பெடியள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். எங்களையும் உள்ளே வரச் சொன்னார்கள். சின்னையா மகனின் பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. மிச்சம் இருந்த கண்ணால் அண்ணையைப் பார்த்தார், பிறகு பெடியனைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்குக் குறி வைச்சு விட்டவர் எண்டு சனம் சொல்லுது. உண்மையைச் சொல்லுங்கோ, பயப்பிட வேண்டாம்" என்றான் மூத்தவன்.

"வேட்டைக்கு வந்தது ஆர் தம்பி?" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"அம்மன்."

"அப்ப அம்பு ஆரின்ரை?"

பெடியன் மற்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

"இவர் பிடிச்சவர். விட்டது அவ. நான் அவவுக்குக் குறுக்கை நிண்டனான், எனக்கு விழுந்தது. கேக்கிறதெண்டால் அவவைப் போய்க் கேளுங்கோ."

இளையவன் தலையைக் குனிந்தான். மூத்தவன் அண்ணையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, நீங்கள் போங்கோ ஐயா" என்றான். நாங்கள் வெளியே வந்தோம். தப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் படியில் இறங்கி அண்ணையைப் பார்த்தேன். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. அடி வாங்கின ஆளின் முகம்தான் இருந்தது.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. சின்னையா மகன் சொன்ன சொல் எங்களுக்கு முன்னமே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மனே அம்பு விட்டாவாம் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு அடுத்த கேள்வி வந்தது. அம்மன் சும்மா விடுவாவா? என்ன பாவம் செய்தானோ? அவருடைய கடையில் காற்றடிக்கவும் ஆட்கள் யோசித்தார்கள். கோயிலில் அவர் வந்து நின்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் நகர்ந்து நின்றார்கள். அவருடைய மூத்த பெட்டைக்கு அளவெட்டிப் பக்கம் ஒரு சம்பந்தம் முற்றாகியிருந்தது. அம்மன் குத்தின குடும்பத்தில் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள். எங்கள் உயிரைக் காப்பாற்றின ஒரு சொல், அந்தப் பிள்ளையின் தலையில் போய் விழுந்தது. நான் திகைத்துப் போனேன். அம்மனை நம்புகிற சனம், நானும் அதில் ஒருவன், இப்படியும் நம்புவோம் என்று நான் நினைத்ததில்லை.

அண்ணை மணியத்திடம் போனார். நானும் கூட நின்றேன். "அம்மனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குந்திலை சந்தனம் காய்ஞ்சு கிடந்தது. அதுதான் அம்பு விலகினது. நான் கண்டனான். சாமிக்கு வைச்ச சந்தனத்தை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ரை விரலாலை எப்பிடி வழிக்கிறது எண்டு விட்டிட்டன். பிழை என்ரை. நீங்கள் சனத்துக்குச் சொல்லவேணும்."

மணியம் வெற்றிலையை மடித்தார். "மனிசன்ரை பிழையெண்டால் அம்மன்ரை வேட்டையிலை சும்மா ஒருத்தன்ரை இரத்தம் விழுந்தது எண்டாகும். பிராயச்சித்தம் முதலிலை இருந்து செய்யவேணும். ஐயரையும் இழுக்கவேணும். அந்தப் பெடியள் திரும்ப உன்னட்டை வருவாங்கள். எல்லாத்துக்கும் அம்மன்ரை கணக்கிலை கிடக்கட்டும். அவ தாங்குவா."

"அவ தாங்குவா. அந்தப் பெட்டை தாங்குமே?" என்றார் அண்ணை.

அன்று பின்னேரமே அண்ணை அவர்கள் படலையைத் திறந்தார். நன்மை தீமை இல்லாத ஒரு நாளில், என் அறிவில் முதல் தரம். சின்னையா மகன் முற்றத்தில் வாங்கில் இருந்தார். மச்சாள், அவருடைய மனைவி, குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவ, சுளகை அப்படியே மடியில் வைத்துவிட்டா. யார் முதலில் வாய் திறப்பது என்று நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அண்ணைதான் திறந்தார். இருக்கச் சொல்லாமலே, நின்றபடி சொன்னார்.

"சந்தனம் கிடந்தது. நான் கண்டனான். கண்டு கொண்டுதான் விட்டனான். நீ அம்மன்ரை பேரிலை போட்டிட்டாய். அதை எடு. என்ரை பேரைச் சொல்லு."

சின்னையா மகன் சொன்னார்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"சந்தனம் கிடந்தது தெரியும். உங்கடை பெருவிரல் போயிட்டுத் திரும்பினதும் தெரியும். நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். வேலிக்குள்ளாலை ஒரு மாதமாப் பாத்த எனக்கு, குந்து எள்ளளவு நிமிர்ந்தால் அம்பு எங்கை போகும் எண்டு தெரியாதே? இடப்பக்கம் போகும். நான் நிண்ட பக்கம்."

மச்சாள் எழும்பிவிட்டா. சுளகிலிருந்த அரிசி நிலத்தில் கொட்டியது. அவ அதைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ நிண்டனிங்கள்?" என்று கேட்டா. "கத்தியிருக்கலாமே. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

"காயிலை படாமல் நிலத்திலை விழும், சனம் சிரிக்கும், அதைப் பாப்பம் எண்டு நிண்டனான். என்னிலை படும் எண்டு நினைக்கேல்லை." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாண் இழுக்கேக்கை நினைச்சனான். கூப்பிடுவம் எண்டு வாய் வந்தது. கூப்பிடுறதெண்டால் அண்ணை எண்டெல்லோ கூப்பிடவேணும். அது வரேல்லை. அதுக்குள்ளை அம்பு வந்திட்டுது. அதுதான் அந்தப் பெடியளுக்கு அம்மன் எண்டு சொன்னனான். பொய் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை, எனக்கு அவ தந்த தண்டனை எண்டுதான் பட்டுது."

மாமரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. அண்ணை அப்போதுதான் வாங்கின் மற்றத் தலைப்பில், அவருக்குப் பக்கத்தில் குந்தினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நீ கூப்பிட்டிருந்தாலும் நான் திரும்பியிருக்கமாட்டன்" என்றார்.

மச்சாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "கண் போனது உங்களுக்கு. கலியாணம் போனது என்ரை பிள்ளைக்கு" என்றா. "இனி என்ன, வடிவா இருந்து கதையுங்கோ." குனிந்து அரிசியைக் கூட்டத் தொடங்கினா. உள்ளே அறையில் அந்தப் பெட்டை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சனம் திருநீறு வாங்க நின்ற நேரம், அண்ணை கொடிமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குப் பேசத் தெரியாது. அம்மன் யாரையும் குத்தவில்லை, நான் கண்டும் விட்ட பிழை என்றார். சின்னையா மகனும் பக்கத்தில் வந்து நின்று, ஓம், நானும் கண்டும் பேசாமல் நின்ற பிழை என்றார். ஐயர் கண் கலங்கிவிட்டார். சனம் கேட்டது. கேட்டுவிட்டு, ஒரு கிழவி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "அம்மன்தானே ரெண்டு பேற்றை வாயையும் கட்டினவ." அவ்வளவுதான். சனம் அதையே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பெடியள் பிறகு வரவில்லை. அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. அடுத்த வருடங்களில் ஐயர் கத்தியால் காயை வெட்டினார். உரிமையைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் கதைத்தார்கள். ஆனால் அவர் அண்ணையை அண்ணை என்று கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. "இஞ்சை, உந்தப் படலையைச் சாத்துங்கோ," "இஞ்சை, தண்ணி முறை உங்கடை" என்றுதான். தொண்ணூறில் ஊர் முழுதும் ஒரே நாளில் எழும்பி ஓடியபோது, அவருடைய சைக்கிளில் அண்ணையின் அரிசி மூட்டை போனது. கோயிலும் வளவுகளும் வேலியும் ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுப் போயின. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அந்தப் பிள்ளைக்குத் தென்மராட்சியில் ஒரு கலியாணம் முடிந்தது. தாரை வார்க்க மச்சாள் அண்ணையையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினா. அண்ணை பிறகு இடம்பெயர்ந்த இடத்திலேயே, தன் ஊரைத் திரும்பக் காணாமல் கண்ணை மூடினார். சின்னையா மகன் பிறகு மகளோடு வெளிநாடு போய், அங்கேயே காலமானார்.

ஊர் விடுபட்டு, கோயிலைத் திரும்பக் கட்டி, இப்போது திருவிழா நடக்கிறது. போன வருடம் வேட்டைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வில் பிளாஸ்டிக் குழாயில் செய்து பொன்தாள் சுற்றியது. அம்பு விடுவதில்லை, பாசாங்கு மட்டும் காட்டுவார்கள். அதே நேரம் சீன வெடி கொளுத்துவார்கள். அம்மன் வெளிக்கு வருகிற நேரம் ஒலிபெருக்கியில் ஒரு தம்பி நல்ல குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வெளியிலேயே முன்னொரு காலம் அம்பாள் தாமே அம்பெய்தி, தம் உரிமையில் குறுக்கிட்ட ஒரு பாவியின் கண்ணைப் பறித்தருளினாள் என்று. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

பாவி என்றார்கள். பெடியளுக்கு முன்னால் அண்ணையின் உயிரைக் காத்த மனிதர். நான் சனத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தத் தம்பியின் தோளைத் தட்டினேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, அம்மன் ஒருத்தரையும் குத்தேல்லை. அதைச் சொல்லாதையுங்கோ. நான் பக்கத்திலை நிண்டனான்."

"அப்ப ஆர் ஐயா விட்டது?"

"என்ரை அண்ணை."

"கோவத்திலையோ?"

"இல்லை. சந்தனத்தை வழிக்கேல்லை. மற்றவர் கண்டும் கூப்பிடேல்லை. கூப்பிட்டிருந்தாலும் அண்ணை திரும்பியிருக்கமாட்டார். எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லவேணும். ஒண்டைச் சொன்னால் பிழை."

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. என்னைக் கோபிக்கவில்லை. ஒருமுறை வாகனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மன் வந்திட்டா ஐயா. உதை மைக்கிலை சொல்லி முடிக்க ஏலாது" என்றார்.

அதுவும் உண்மைதான். அம்மன் வந்துவிட்டா. நான் ஒதுங்கி நின்று கும்பிட்டேன்.